செவிப்பறைக்குப் பின்னால் ஓடும் இரத்தம்

காது குத்தும் சடங்கைச் சுசுருத சம்ஹிதை ஒரு சிகிச்சையின் கவனத்தோடு விவரிக்கிறது. குழந்தைக்கு ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ ஆகியிருக்க வேண்டும். ஆணென்றால் வலக்காது முதலில், பெண்ணென்றால் இடக்காது. வைத்தியர் இடக்கையால் மடலை இழுத்துப் பிடிக்க, சூரிய ஒளி அதன் மேல் விழுந்து ஊடுருவ வேண்டும். வெளிச்சம் பாயும் மடலில் இரத்தக்குழாய் ஓடாத இடமாகப் பார்த்து ஊசியை இறக்க வேண்டும். தவறினால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. காளிகா, மர்மரிகா, லோகிதிகா என்று மூன்று நாளங்களைச் சொல்லி, முதலாவதில் குத்துப்பட்டால் காய்ச்சல், எரிச்சல், வீக்கம் வரும் என்றும், இரண்டாவதில் வலியும் கட்டியும் காணும் என்றும், மூன்றாவதில் கழுத்து விறைத்து இழுப்பு வரும் என்றும் எச்சரிக்கிறது. இன்றைய மருத்துவர் படித்தால், இவை ஊசி வழியே ஏறிய தொற்றின் அடையாளங்கள் என்பார். மூன்றாவதில் டெட்டனஸையே பார்ப்பார். அந்த விளக்கம் எப்படியானாலும், காதில் கைவைக்கும் முன் இரத்தம் எங்கே ஓடுகிறது என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள் என்ற அறிவுரையில் குறை காண முடியாது.

அந்த வெளிச்சம் மடலோடு நின்றுவிட்டது. திருவனந்தபுரத்தில் 1889இல் ஆயுர்வேத பாடசாலை தொடங்கியபோது, கேரள வைத்தியர்களின் கைநூலாக இருந்தது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். அதன் உத்தரஸ்தானத்தில் காது நோய்களுக்கென்றே தனி அத்தியாயங்கள் உண்டு. வலி, சீழ், இரைச்சல், செவிடு என நோயாளி சொல்லும் குறிகளை வைத்தே நோயைப் பிரித்திருக்கிறார்கள். காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் காதில் நிரப்பிச் சிறிது நேரம் வைத்திருப்பது முக்கியமான சிகிச்சை. காதுத் துளையின் வளைவுக்கு அப்பால், செவிப்பறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உயிரோடிருக்கும் மனிதரிடம் எவரும் பார்க்காத விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பியரின் நிலைமையும் இதைவிடப் பெரிதாக மேலானதல்ல. பிணத்தின் காதை அவர்கள் அறுத்துப் பார்த்திருந்தார்கள், அவ்வளவே.

மடலைப் பற்றி மட்டும் தென் திருவிதாங்கூருக்குச் சொல்ல நிறைய இருந்தது. பிறந்த சில மாதங்களிலேயே காது குத்தி, துளையில் பஞ்சும் ஓலைச் சுருளும் ஈயக் குண்டும் மாறி மாறி ஏற்றி, மடல் தோளைத் தொடும்வரை வளர்ப்பார்கள். அதில் பாம்படமும் தண்டட்டியும் தொங்கும். எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் உடலை மாற்றிக்கொள்ளும் வழக்கங்களுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கி, வளர்த்த காதையும் அதில் சேர்த்தார். பிறகு வழக்கம் மாறியது. பாட்டிகள் பெருமையாக வளர்த்த மடலைப் பேத்திகள் அறுத்துத் தைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்தப் பக்கத்து மக்களில் பலர் காதுக்காக முதன்முதலில் அறுவைக் கத்தியைச் சந்தித்தது அழகுக்காகத்தான்.

திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் ஆட்சியில், 1865இல், திருவனந்தபுரத்தில் பொது மருத்துவமனை எழுந்தது. இன்றும் ஊர் அதை ஜெனரல் ஆஸ்பத்திரி என்றே சொல்கிறது. அதே 1865இல் வியன்னாவில் ஆடம் பொலிட்சர், வெளிச்சத்தில் செவிப்பறை எப்படித் தெரியும் என்பதைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அன்டன் ஃபான் ட்ரோல்ட்ச் என்ற ஜெர்மானியர் நடுவில் துளையிட்ட குழிக் கண்ணாடியால் பகல் வெளிச்சத்தைக் காதுக்குள் திருப்பிவிடும் வழியைப் பரப்பியிருந்தார். பழைய தமிழ்ப் படங்களில் டாக்டர் வேடம் என்றாலே நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டிவிடுவார்களே, அதன் மூதாதை இதுதான்.

அந்தக் கண்ணாடிக் காலத்தில்தான் உயிருள்ள காதின் இரத்த ஓட்டம் நோயைச் சொல்லும் குறியாக மாறியது. செவிப்பறை மெல்லிய சவ்வு. வெளிச்சம் பட்டால் உட்புறம் ஓரளவு தெரியும். செவிப்பறையோடு ஒட்டிய சுத்தி எலும்பின் கைப்பிடியை ஒட்டி இறங்கும் நுண்குழாய்கள் சிவந்து புடைத்தால் அழற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். கீழ்ப்பகுதியில் நீல நிழல் தெரிந்தால், கழுத்துக்கு இறங்கும் ஜுகுலர் சிரையின் குமிழ் வழக்கத்துக்கு மேலே ஏறிக் கிடக்கலாம். ஜெர்மானியக் காது மருத்துவர் ஹெர்மன் ஷ்வார்ட்சே கவனித்தது இவற்றிலெல்லாம் நுட்பமானது. காது மெல்ல மெல்ல மந்தமாகிக்கொண்டே வரும் சிலருக்குச் செவிப்பறை பழுதில்லாமல் இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் இளஞ்சிவப்பாக ஒரு சாயல் தெரிகிறது. நடுச்செவியிலுள்ள அங்கவடி எலும்பைச் சுற்றிப் புதிதாக முளைக்கும் எலும்பில் இரத்தக்குழாய்கள் மலிந்திருப்பதால் வரும் நிறம் அது. ஒட்டோஸ்க்ளெரோசிஸ் எனப்படும் அந்த நோயில் இன்றும் ஷ்வார்ட்சே குறி என்று மருத்துவ மாணவர்கள் படிப்பது இதைத்தான். தென்னிந்தியாவுக்கு இது அந்நியமான நோயல்ல. ஒய். பி. கபூரும் ஏ. ஜே. பாட்டும் 1966இல் தென்னிந்தியாவில் இந்த நோயைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மறு ஆண்டு நீலகிரித் தோடர்களின் செவித்திறனை அளந்து இன்னொன்றை எழுதினார்கள்.

குழாய்களின் முழு வரைபடத்தைத் தந்தவர்கள் பிணவறைக்காரர்கள். அவர்களில் ஜோசப் ஹிர்ட்ல் தனி ரகம். நிறமேற்றிய மெழுகையோ பிசினையோ தமனிக்குள் செலுத்தி, சதையை அமிலத்தில் கரைத்துவிட்டு, குழாய்களின் அச்சை மட்டும் மிச்சம் வைக்கும் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் 1836இல் விவரித்த ஒரு தமனி, நம் காதிலுள்ள விசித்திரமான எலும்பு ஒன்றின் வடிவத்துக்கே காரணம் சொல்கிறது.

உடலிலேயே மிகச் சிறிய எலும்பான அங்கவடி எலும்புக்கு நடுவில் ஏன் ஓட்டை? கருவில் அந்த எலும்பு ஒரு தமனியைச் சுற்றி உருவாகிறது. தமனி நடுவில் ஓட, இருபுறமும் கால்கள் வளர்கின்றன. கருவுக்குப் பத்து வாரம் ஆகும்போது தமனி மறைந்துவிடும்; அதன் வேலையை வேறு கிளைகள் எடுத்துக்கொள்ளும்; ஓட்டை மட்டும் நிற்கும். எலிக்கு அப்படி மறைவதில்லை, சாகும்வரை அந்தத் தமனி எலும்பின் நடுவே துடித்துக்கொண்டிருக்கும். மனிதரிலும் அபூர்வமாகச் சிலருக்கு அது தங்கிவிடுகிறது. ஆயிரம் பொட்டெலும்புகளை ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ இருநூறில் ஒன்றில் அதைக் கண்டது. இது தெரியாமல் அங்கவடி எலும்பில் ஆப்பரேஷன் தொடங்கும் மருத்துவருக்கு, எலும்பின் கால்களுக்கு இடையில் துடிக்கும் சிவப்புக் குழாய் ஒன்று காத்திருக்கும். முன்கூட்டியே அறிய வழியுண்டு. மண்டையோட்டின் அடியில், நடு மூளையுறைத் தமனி நுழைய ஒரு சிறு துளை வழக்கமாக இருக்கும். பழைய தமனி தங்கிவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வழி தேவைப்படுவதில்லை. சி.டி. படத்தில் அந்தத் துளையைக் காணோம் என்றால் சந்தேகப்பட வேண்டும். ஹிர்ட்ல் பிணத்தில் பார்த்ததை இன்றைய கதிரியக்க மருத்துவர் ஒரு துளை இல்லாததை வைத்துச் சொல்லிவிடுகிறார்.

திருவிதாங்கூரின் தெற்கு எல்லையில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இலிருந்து இருந்தது. அங்கே இருபதாண்டுகளுக்கு மேல் கத்தி பிடித்த ஹோவர்ட் சோமர்வெல் 1924இல் எவரெஸ்டில் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் ஏறியவர். இறங்கும்போது உறைபனிக் காற்றில் வெந்துபோன தன் குரல்வளையின் உள்தோலே பெயர்ந்து மூச்சை அடைக்க, இருமித் துப்பிப் பிழைத்தவர். தொண்டையைப் பற்றி இத்தனை நேரடி அனுபவம் உள்ள சர்ஜன் வேறெங்கும் கிடைத்திருக்க மாட்டார். காதைப் பொறுத்தவரை அந்தக் காலத்து உலக வழக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். பின்காது எலும்பில் சீழ் கட்டினால், மூளைக்கு ஏறும் முன் உளியும் சுத்தியும் கொண்டு எலும்பைக் குடைந்து சீழை வெளியேற்றுவது. உயிர் பிழைத்தால் போதும், கேட்கும் சக்தி யார் நினைப்பிலும் இல்லை.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி பிறந்தது சரியாக இந்தக் கதை திரும்பும் முனையில். 1951 நவம்பர் 27 அன்று நேரு திறந்து வைத்தார். முதல் முதல்வர் டாக்டர் சி. ஓ. கருணாகரன். கேரளம் என்ற மாநிலம் அப்போது உருவாகவில்லை, திருவிதாங்கூர்-கொச்சிதான். அடுத்த இரண்டே ஆண்டுகளில் காது மருத்துவம் தலைகீழாக மாறியது. ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் ஓட்டையான செவிப்பறையை ஒட்டுப்போட்டு, கேட்கும் வழியையே திரும்பக் கட்டும் முறையை வகுத்தார்கள். நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் 1952இல் இறுகிப்போன அங்கவடி எலும்பை அசைத்துவிட்டுக் காது கேட்க வைத்தார். 1921இலேயே ஸ்டாக்ஹோமில் கார்ல் நீலன் காது ஆப்பரேஷனில் மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தியிருந்தார் என்றாலும், 1953இல் ஸைஸ் நிறுவனத்தின் ஆப்பரேஷன் மைக்ராஸ்கோப் வந்த பிறகே அது உலகெங்கும் பரவியது. அதே 1953இல் நாகெர், நாகெர் என்று இருவர் மனித நடுச்செவியின் தமனிகளைப் பற்றி, குறிப்பாகச் சிற்றெலும்புகளுக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். சீழை வெளியேற்றுகிறவருக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. எலும்பைத் திரும்பக் கட்டுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் நோயாளிகளின் பாதை மாறவில்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் சிக்கலான கேஸ் என்றால் ‘திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போ’ என்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது.

மைக்ராஸ்கோப் பெரிதாக்கிக் காட்டியது, இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டது. ஆனால் அது நேர்கோட்டில் மட்டுமே பார்க்கும். சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து அறையைப் பார்ப்பது மாதிரி, எதிர்ச்சுவர் தெரியும், கதவை ஒட்டிய மூலைகள் தெரியாது. நடுச்செவியில் மூலைகள் அதிகம். அங்கவடி எலும்புக்குப் பின்னால் ஒரு குழி, முகநரம்பை ஒட்டி இன்னொன்று, மேல்மாடம், தரைத்தளம். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் காதுக்குப் பின்னால் அறுத்து எலும்பைக் குடைய வேண்டும்.

கண்ணைக் கதவுக்கு உள்ளே கொண்டு போனவர் மருத்துவரே அல்ல, ஹரோல்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்த முடியும் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார். கபானிக்கு இந்தியா பத்ம விபூஷண் கொடுத்தது 2021இல், அவர் இறந்த பிறகு. இத்தனை தாமதத்துக்கு நியாயம் எதுவும் தேறாது. ஹாப்கின்ஸின் அடுத்த வேலைதான் காதுக்கு நெருக்கமானது. அதுவரை எண்டோஸ்கோப் குழாய்க்குள் சிறு சிறு வில்லைகளும் இடையில் நீண்ட காற்று வெளிகளும் இருந்தன. அவர் அதைத் தலைகீழாக்கினார். நீண்ட கண்ணாடிக் கோல்கள், இடையில் மெல்லிய காற்று வில்லைகள். வெளிச்சம் பல மடங்கு கூடியது, குழாயை ஒல்லியாக்க முடிந்தது. 1959இல் காப்புரிமை; வாங்க ஆளில்லாமல் கிடந்ததை அறுபதுகளில் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் எடுத்துத் தயாரித்தார்.

1967இல் மெர் என்பவரும் குழுவினரும் இழைக் கருவி ஒன்றை நடுச்செவிக்குள் விட்டுப் பார்த்ததாக எழுதினார்கள். தொண்ணூறுகளில் மார்செய்லில் தொமாசான், துபாயில் முவாஸ் தராபிஷி ஆகியோர் கண்ணாடிக் கோலை ஆப்பரேஷன் கருவியாகவே ஆக்கினார்கள். தராபிஷி காதுத் துளை வழியாக மட்டுமே போய் முழு ஆப்பரேஷனையும் முடிக்கலாம் என்று வாதாடினார். அதன் பிறகு இத்தாலியின் மொடெனாவில் பிரெஸுட்டி, மார்க்கியோனி குழுவினர் ஒவ்வொரு மூலையையும் வரைபடமாக்கினார்கள். இந்தியாவின் காது மூக்கு தொண்டைத் துறைகளுக்கு எண்டோஸ்கோப் வந்தது மூக்குக்காக, சைனஸ் ஆப்பரேஷனுக்காக. கையில் இருந்த கோலைக் காதுக்குள்ளும் விட்டுப் பார்க்கும் ஆசை பிறகு வந்தது.

விட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது? செவிப்பறையைத் தூக்கி ஒதுக்கியதும் நேரெதிரே ஒரு மேடு: நத்தைக் குழலின் அடிச்சுருள் புடைத்து நிற்கும் இடம். ஈரமாக மின்னும் அதன் சவ்வில் கீழிருந்து மேலாக ஒரு சிவப்புக் கோடு ஏறும். தொண்டையை ஒட்டி ஏறும் தமனியின் கிளை, தரைத்தளத்து நுண்துளை வழியே நுழைந்து, ஜேக்கப்சன் நரம்போடு துணை சேர்ந்து வருகிறது. முன்பக்கத்தில் கரோடிட் தமனிக்கும் காதுக்கும் இடையே மெல்லிய எலும்புத் தட்டுதான். அதைத் துளைத்துக்கொண்டு நூலிழை போன்ற கிளைகள் வரும். தாடைப் பக்கத்திலிருந்து ஒரு கிளை முன் பிளவு வழியே வந்து சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் உணவு தரும். மேலிருந்து மூளையுறைத் தமனியின் கிளை, பின்னாலிருந்து முகநரம்போடு வரும் இன்னொன்று. மிளகளவு எலும்புகள் இருக்கும் அறைக்கு இத்தனை திசைகளிலிருந்து இரத்தம். ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று தாங்கும்.

ஒரே ஒரு இடம் தவிர. பட்டடை எலும்பின் நீண்ட கால், அங்கவடி எலும்பைத் தொடும் நுனி, இரத்தத்துக்கு வரிசையின் கடைசியில் நிற்கிறது. பீட்டர் ஆல்பர்டி 1965இல் இந்தக் காலின் இரத்த ஓட்டத்தைத் தனியாக ஆராய்ந்தார். நாள்பட்ட சீழில் முதலில் அரித்துப்போவது இந்த நுனி. அங்கவடி எலும்புக்குப் பதிலாகப் பொருத்தும் செயற்கைத் தண்டின் கொக்கி மாட்டப்படுவதும் இதே காலில். கொக்கியை இறுக்கினால் சவ்வோடு இறங்கும் நுண்குழாய் நசுங்கி, ஆண்டுகள் கழித்து எலும்பு கரையலாம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. முன்பு சாயமேற்றிய பிண எலும்பை வைத்தே வாதாடினார்கள். இன்று திரையில் உயிருள்ள குழாயையே பார்த்துக்கொண்டு கொக்கியை மாட்டலாம்.

ஜேக்கப்சன் நரம்பின் பக்கத்தில் வேறொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஸ்டேசி கில்ட் 1941இல் அங்கே சிறு கணுக்களைக் கண்டார். 1945இல் ரோசன்வாசர் அவற்றிலிருந்து கட்டி வரும் என்று காட்டினார். நோயாளி சொல்வது எளிய புகார்: காதில் நாடித்துடிப்பு கேட்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் துடிக்கும் கட்டி. காற்றழுத்தம் கொடுத்தால் வெளிறும். இதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்து ஊசி குத்திப் பார்ப்பது பெரும் பிழை. சில சமயம் அது கட்டியே அல்ல, வழி தவறிக் காதுக்குள் நுழைந்துவிட்ட கரோடிட் தமனி. அதனால் படம் எடுக்காமல் யாரும் தொடுவதில்லை. கட்டி பெரிதென்றால், தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்தத்தை முதலில் அடைத்துவிட்டு, பிறகு அறுப்பார்கள். இப்படி இரத்தக்குழாய்க்கு உள்ளேயே போய்ச் செய்யும் சிகிச்சையில் திருவனந்தபுரத்துக்குச் சொந்தப் பெருமை உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் அளித்த கட்டடத்தில் 1976இல் தொடங்கி, எம். எஸ். வலியத்தான் தலைமையில் வளர்ந்து, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய நிறுவனமான ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூளை, இதயக் குழாய்களுக்கென்றே பேர் பெற்றது.

காது கேளாமைக்கென்று இந்த நகரத்தில் 1997இல் நிஷ் என்ற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் வந்தது. கேரள அரசு 2012இல் சுருதிதரங்கம் திட்டத்தில் காது கேளாத சிறு குழந்தைகளுக்குச் செலவில்லாமல் காக்ளியர் கருவி பொருத்தத் தொடங்கியது. அந்த ஆப்பரேஷனுக்கு மைக்ராஸ்கோப்பும் எலும்பு குடையும் துளைப்பானும் இன்னும் தேவை. முகநரம்புக்கும் சுவை நரம்புக்கும் இடையிலுள்ள குறுகிய சந்து வழியே போக வேண்டும். அங்கே முகநரம்பின் மேல் ஓடும் இரத்தக்குழாயின் சிவப்பே பல நேரங்களில் நரம்பு அருகில் வந்துவிட்டது என்று மருத்துவருக்குச் சொல்லும் எச்சரிக்கை.

எண்டோஸ்கோப்புக்குத் தன் குறைகள் உண்டு. ஒரு கை கோலைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தத்தை உறிஞ்சுவது, அறுப்பது, ஒட்டுவது எல்லாம் மற்றொரு கையின் பாடு. ஒரு துளி இரத்தம் முனையில் பட்டால் திரை முழுவதும் சிவப்பு. அதனால் தோலுக்கு அடியில் அட்ரினலின் கலந்த மருந்தைப் போட்டுக் குழாய்களைச் சுருங்கச் செய்து, மயக்க மருந்து நிபுணரிடம் இரத்த அழுத்தத்தைத் தணிவாக வைக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். விளக்கின் சூடு நத்தைக் குழலுக்கு ஆகாது என்பதால் ஒளியைக் குறைத்து, கோலை அடிக்கடி வெளியே எடுத்து, முனையைத் துடைத்து, திரும்ப விடுவார்கள். இரத்தம் கட்டுக்குள் நிற்கவில்லை என்றால் கோலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உறை போட்டுத் தயாராக நிற்கும் மைக்ராஸ்கோப்பை இழுத்துக்கொள்ள எந்த மருத்துவரும் கூச்சப்படுவதில்லை.